உலைக்கு முன்னால் ஒரு பிடி

உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி ஒதுக்கி டப்பாவில் போடுவதுதான் பிடியரிசி. சனிக்கிழமை சாயங்காலம் அதை வாங்க ஆள் வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவிலுள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர். ஒருவர் கையில் பை, மற்றவர் கையில் நோட்டு. "அக்கா, அரிசி எடுத்து வச்சாச்சா?" என்று முற்றத்தில் நின்றே குரல் கொடுப்பார்கள். "நில்லு மக்ளே, இன்னா வாறேன்" என்று உள்ளே போகும் அக்கா பிடியரிசி டப்பாவைத் தேடுவதில்லை. நேரே அரிசிப் பானைக்குப் போய் மூன்று டம்ளர் அள்ளிக்கொண்டு வந்து பையில் தட்டிவிடுவார். இருவேளை வீதம் ஒரு வாரத்துக்கு 14 பிடி போட்டிருக்க வேண்டியது ஒரே தடவையில் முடிந்தது. எடையும் குறையவில்லை. பெண்கள் கைக்கு ஒரு பிடி சுமார் 35 கிராம் வரும். 14 பிடிக்கு அரைக் கிலோ. மூன்று டம்ளரில் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். பின்னே என்ன குறைந்துபோயிற்று?

இந்தக் கேள்வியை அற்பமென்று தள்ள முடியவில்லை. ஆண்டவருக்கு முதலிடம் கொடுப்பது என்று நாம் சொல்லும் மொத்த விஷயமும் இதற்குள் கிடக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டையை எடுக்கும்போது எல்லோரும் மனதுக்குள் சொல்லிக்கொள்வது அதைத்தான். ஜனவரி 2-ம் தேதி அடுக்களையிலும் கடையிலும் ரப்பர் விளையிலும் (தோட்டத்திலும்) அது என்ன உருவத்தில் இருக்கும் என்பதைப் பிரசங்கத்தில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. "முதலில் தேவன், அடுத்து குடும்பம், அதற்கடுத்து வேலை, பிறகு ஊழியம்" என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அழகான பட்டியல். ஆனால் பட்டியலின் முதல் வரியை முடித்தவன் அதை அடித்துவிட்டு இரண்டாவது வரிக்குப் போய்விடுவான். ஐந்து மணிக்கு ஜெபித்தாயிற்று, இனி எட்டு மணிக்கு மேல் கடையில் தராசு எப்படி இருந்தாலும் அது மூன்றாவது வரி சமாச்சாரம் என்று ஆகிவிடுகிறது.

டப்பாவும் பிடியும்

பிடியரிசியைச் சரியாகச் செய்ய நினைக்கிறவர்களுக்கு முதலில் நடைமுறை. டப்பா வாய் அகன்றதாக, மூடி இறுக்கமானதாக இருக்க வேண்டும். கை முழுக்க உள்ளே போய் வர வேண்டும் என்பதால் குறுகிய வாய் உதவாது. அதை ஜெப அறை அலமாரியில் வசனப் படத்துக்குக் கீழே வைப்பவர்கள் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அரிசிப் பானைக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் வையுங்கள். அரிசியை அளந்து, கழுவுவதற்கு முன், கை காய்ந்திருக்கும்போதே பிடி எடுக்க வேண்டும். கழுவும்போது நினைவுக்கு வந்து ஈரக்கையோடு அள்ளிப் போட்டால் அடியில் கட்டிபிடித்து, ஆனி ஆடி மழையில் பூசணம் பூத்துவிடும். வண்டு வராமலிருக்க இரண்டு வற்றல் மிளகாயோ காய்ந்த வேப்பிலையோ போதும். இன்னொன்று, வீட்டில் பொங்கும் அரிசி எதுவோ அதுதான் டப்பாவுக்கும். சம்பா பொங்கித் தின்றுவிட்டு ரேஷன் அரிசியைப் பிடியரிசிக்கு ஒதுக்குகிற கெட்டிக்காரத்தனத்தைப் பை தூக்கி வருகிறவர்கள் பார்த்தவுடனே கண்டுகொள்வார்கள், மரியாதைக்குச் சொல்லமாட்டார்கள்.

சபை பக்கத்தில் நடக்கும் தப்பு வேறு. சம்பா, வெள்ளைப் புழுங்கல், பச்சரிசி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிவிடுவது. ஒவ்வொன்றும் வேக ஒவ்வொரு நேரம் எடுக்கும். கலந்த அரிசியைப் பொங்கினால் ஒரு பாதி குழைந்து மறு பாதி விதையாக நிற்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து ஏலம் போட்டால் கோழி வளர்க்கிறவர்தான் கேட்பார். ஒரு ஊர்ப் பெண்கள் வாயைக் கட்டி ஒதுக்கிய அரிசி கோழிக்குப் போகிறது. மூன்று பை கொண்டுபோனால் தீரும் பிரச்சினை இது. 100 வீட்டில் வாரம் அரைக் கிலோ என்றால் 50 கிலோ. வகை பிரித்து வைத்தால் பணமாக்காமலேயே நாலைந்து விதவை வீடுகளுக்கு மாத அரிசி ஆகிவிடும்.

எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் பிடியரி என்றே சொல்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருவான சாவற குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட வீடுகளில் பிடியரி ஒதுக்கச் சொன்னார். சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் படிக்க வரவேண்டுமானால் முதலில் வயிறு நிறைய வேண்டும் என்ற கணக்கு. மிசோரத்தில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்குள்ள சபைகளின் வருமானத்தில் பெரிய பங்கு. ஏழை வீடும் செய்ய முடிந்த ஒன்று என்பதால்தான் இது நிலைத்தது. பணமே புழங்காத வீட்டிலும் தினம் ஒரு தடவையாவது உலை ஏறும்.

இனி எடைக் கேள்விக்கு வருவோம். திங்கட்கிழமை காலையில் பிடி எடுக்கும் அம்மாவுக்கு மத்தியானம் விருந்தாள் வருமா என்று தெரியாது. மாதக் கடைசிவரை அரிசி எட்டுமா என்றும் தெரியாது. தெரியாத நேரத்தில்தான் அந்தக் கை டப்பாவுக்குள் போகிறது. சனிக்கிழமை டம்ளர் அப்படியில்லை. வாரம் ஓடிவிட்டது, பானையில் என்ன மிச்சம் என்று கண்ணால் பார்த்தாயிற்று, கொடுத்தாலும் நமக்கு இருக்கிறது என்று உறுதியான பிறகு கொடுப்பது அது. வாங்கிக்கொள்கிற விதவைக்கு இரண்டும் ஒன்றுதான். அரிசி வேகும், பசி தீரும். கொடுக்கிறவருக்குத்தான் வித்தியாசம். முதலாவது கொடுக்கும்போது நாளையை நம்பிக் கொடுக்கிறார். கடைசியில் கொடுக்கும்போது கணக்கை நம்பிக் கொடுக்கிறார். நீதிமொழிகள் 3:9 விளைவின் முதற்பலனைக் கேட்பது இதனால்தான். முதல் குலை வெட்டும்போது காற்றடித்து மிச்ச வாழை சாயுமா, நிற்குமா என்று யாருக்கும் தெரியாது.

பழைய ஏற்பாட்டில் வரும் சாறிபாத் விதவையின் கதையை இங்கே இழுக்காமல் யாரும் பேசுவதில்லை. அவள் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். எலியா தீர்க்கதரிசி, முதலில் எனக்கொரு அடை சுட்டுக் கொண்டுவா என்றான். இந்தப் பகுதியை வைத்துக்கொண்டு "கடைசி ரூபாயையும் போடு, நூறத்தனையாய்த் திரும்பும்" என்று கேட்கிறவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். அந்த முதல் அடை போனது பஞ்சத்தில் நடந்து வந்த, பசித்த ஒரு மனிதனின் வயிற்றுக்கு. கோபுரத்துக்கோ ஏ.சி.க்கோ போகவில்லை. நகையை அடகு வைத்துக் கட்டட நிதிக்குப் பொருத்தனை செலுத்துவதை முதற்பலன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளையாத பலனில் முதல் எது, கடைசி எது? உள்ளதின்படிதான் அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படி அல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் காணிக்கைச் சேகரிப்பைப் பற்றித்தான்.

மணி பார்க்கும் பக்தி

நேரத்துக்கும் இதே கணக்கு. அதிகாலை 4 மணி ஜெபம் என்றால் பக்தி, 9 மணி என்றால் சோம்பல் என்றொரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. குலசேகரத்திலும் கடையாலுமூட்டிலும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் மூன்று, நாலு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார். இருட்டும் குளிரும் இருக்கும்போதுதான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து வெட்டுவாய் சீக்கிரம் உறைந்துவிடும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து பஸ் ஏறும் நர்சுக்கு விடியற்காலை என்பது தூங்கப் போகும் நேரம். இவர்களிடம் கடிகாரத்தைக் காட்டிப் பேசுவதில் அர்த்தமில்லை. கண் விழித்ததும் வேறெதுவும் நம் மனதைப் பிடித்துக்கொள்வதற்கு முன் கொடுக்கிற பத்து நிமிடம்தான் அந்த நாளின் முதல் பிடி, மணி எதுவானாலும்.

இன்றைக்கு அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வது போன் என்பதை எல்லோரும் அறிவோம். மன உறுதியால் அதை ஜெயிக்கப் பார்ப்பது வீண். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு 200, 300 ரூபாயில் கடிகாரம் கிடைக்கும். வேதாகமத்தைப் போன் ஆப்பில் வாசிப்பதில் பாவமொன்றும் இல்லை, ஆனால் சங்கீதத்தின் மூன்றாவது வசனத்தில் வாட்ஸப் சத்தம் வந்தால் நாலாவது வசனம் கிடையாது. அச்சுப் புத்தகம், அதில் நேற்று நிறுத்திய இடத்தில் நூல், பக்கத்தில் கண்ணாடி. கண்ணாடியைத் தேடப் போய்த் திரும்பாதவர்கள் நிறைய.

வருடத்துக்குள் வேதாகமம் முழுவதையும் முடிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கு எளிது. மொத்தம் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால் டிசம்பர் கடைசிக்குள் முடிந்துவிடும். எங்கே தடுக்கும் என்பதும் தெரிந்ததே. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து சேருவோம். பலி, கொழுப்பு, குண்டிக்காய், குஷ்டம். பிப்ரவரி நடுவில் நூல் ஒரே இடத்தில் நின்றுவிடும். அதைத் தவிர்க்க, காலையில் ஒரு பழைய ஏற்பாட்டுப் பகுதி, ஒரு சங்கீதம், ஒரு சுவிசேஷப் பகுதி என்று மூன்று இடத்தில் நூல் போட்டு வாசிக்கலாம். விட்டுப்போன நாளைப் பிடிக்க ஒரே நாளில் பத்து அதிகாரம் ஓட்டுவது சனிக்கிழமை டம்ளர் மாதிரி. விட்டதை விட்டுவிட்டு இன்றைய பங்கை வாசித்தால் போதும். வருடம் முடிந்து பிப்ரவரி வரை போனால் என்ன?

குடும்ப ஜெபம் குறுகலாக இருக்க வேண்டும். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், ஒரு சங்கீதம், இரண்டு பேர் ஜெபம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் பிள்ளைகள் தூங்கிவிடும், பெரியவர்களும்தான். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலைக்கு ஒழுங்கு ஏற்கெனவே இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. பெரும்பாலும் இது உடைவது அப்பாவால். பகலில் மகனிடம் நேராகச் சொல்ல முடியாததை "ஆண்டவரே, இவன் கூட்டாளிகளை மாற்றும்" என்று ஜெபத்தில் சொல்லிவிடுவார். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வழியில்லை. ஆறு மாதத்தில் அந்தப் பையன் ஜெப நேரத்துக்கு டியூஷன் வைத்துக்கொள்வான்.

ஓய்வுநாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரப்பர் இதில் நமக்கு ஒத்தாசை. ஒன்றுவிட்ட நாள் வெட்டு என்றால் விளையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் திங்கள், புதன், வெள்ளியும் மறு பாதியைச் செவ்வாய், வியாழன், சனியும் வெட்டுவார்கள்; ஞாயிறு தானாக ஒழிந்துவிடும். விலை ஏறும்போது ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டைமரப்பு வந்து மரம் பாலை நிறுத்திவிடும். பனை அப்படியல்ல. பாளையைக் காலையும் மாலையும் சீவிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அக்கானி (பதநீர்) நின்றுபோகும். பனையேறியும் ரப்பர் முதலாளியும் ஒரே அளவுகோலால் ஞாயிற்றுக்கிழமையை அளக்க முடியாது. ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதைக் கர்த்தர் குற்றமாகச் சொல்லவில்லை. நம் விளைகளில் நடக்கும் ஒரு போலித்தனத்தை மட்டும் சொல்ல வேண்டும். வியாழன் முதல் சனி வரை மழை, வெட்டு இல்லை; ஞாயிறு வெயில். "நாங்க ஞாயிறு வெட்டமாட்டோம், சபைக்காரங்க" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். நல்லதுதான். ஆனால் அந்த நாலு நாள் கூலி போனது வெட்டுக்காரருக்கு. ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும் என்கிறது. பட்டினியோடு இளைப்பாறச் சொல்லவில்லை. ஒன்று, மழைக்கு முன்னாலேயே மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டி மழைநாள் வெட்டுக்கு வழிசெய்ய வேண்டும். அல்லது அந்த ஞாயிற்றுக்கு அவர் வீட்டுச் செலவை முதலாளி ஏற்க வேண்டும்.

காணிக்கைப் பைக்கு முன்னால் கை

இதுவரை சொன்னதெல்லாம் அரிசி, நேரம், நாள். இத்தனையும் ஒழுங்காகச் செய்துகொண்டு ஒருவர் தப்பான இடத்தில் நிற்க முடியும். அதைக் காட்டிக்கொடுப்பது திருவிருந்து ஆராதனையில் வருகிற, பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிற ஒரு நிமிடம்.

சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மூன்று ஆண்டில், 1950-ல், புதிய திருவிருந்து ஆராதனை முறை புழக்கத்துக்கு வந்தது. அதை அமைத்தவர்கள் மேற்கத்தியச் சபைகளிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைக் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலிருந்து எடுத்தார்கள். சுரியானிக்காரர்கள் அதைக் கையசூரி என்பார்கள், நாம் சமாதானம் கொடுத்தல் என்கிறோம். ஆயர் பீடத்திலிருந்து தொடங்கிக் கைமாறிக் கைமாறிக் கடைசிப் பெஞ்ச் வரை போகும் அது. கொடுக்கிறவர் வலது உள்ளங்கையை வாங்குகிறவர் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். இருவரும் தங்கள் இடது கையால் மற்றவர் வலது கையை மேலே பொத்துவார்கள். நாலு கையும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். பிறகு வாங்கியவர் அடுத்தவர் பக்கம் திரும்புவார்.

அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காணிக்கைப் பை சுற்றி வருவதற்கு முன்னால். காணிக்கையும் அப்பமும் ரசமும் பீடத்துக்குப் போகும் முன் சமாதானம் முடிந்திருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. இது மத்தேயு 5-ம் அதிகாரத்தின் ஒழுங்கு. பலிபீடத்தின் அருகே காணிக்கையோடு நிற்கும்போது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முன்பு அவனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் எருசலேமில். நடந்து போனால் சில நாள் பிரயாணம். அவ்வளவு தூரம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தவனிடம், அதை அங்கே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அண்ணனைப் பார்த்துவிட்டு மறுபடியும் வா என்கிறார் இயேசு. அடுத்த அதிகாரத்தில் முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடச் சொல்லப்போகிற அதே வாய். அப்படியானால் தேவனுக்கு முதலிடம் கொடுக்கத்தான் நீ பீடத்துக்கு வந்தாய், பீடமே உன்னைத் திருப்பி அனுப்புகிறது. போகாமல் அங்கேயே நின்று நீட்டி ஜெபித்தால் அவருக்கு முதலிடம் கொடுத்ததாக ஆகாது; அவர் சொன்னதைத் தட்டியதாகத்தான் ஆகும்.

இதில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால். "நான் யார்மேலும் ஒன்றும் வச்சுக்கிறதில்ல, எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்தாச்சு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் மனம் சுத்தமாக இருக்கலாம். அங்கே ஒருவன் நம்மால் நொந்துகொண்டிருக்கிறானா என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் என்ன நடக்கிறது? இப்போது பல சபைகளில் சமாதானம் என்றால் இடமும் வலமும் திரும்பி ஒரு கும்பிடு, அவ்வளவுதான். கைமாறிப் போகும் இடத்திலும் பக்கத்து ஆளுக்குத்தான் கொடுப்போம். பிணக்குள்ள ஆளின் பெஞ்சைப் பார்த்துத்தான் நம் பெஞ்சைத் தேர்ந்துகொண்டிருப்போம். அண்ணன் எட்டு மணி ஆராதனைக்கு வந்தால் தம்பி பத்தரைக்கு வருவார். பிணக்கு முற்றினால் தம்பி ஞானஸ்நானத்தைப் பற்றி ஆழமாக ஆராயத் தொடங்கி வேறு சபைக்குப் போய்விடுவதும் விளவங்கோட்டுப் பக்கத்தில் கேட்காத கதை அல்ல. உபதேச வித்தியாசம் என்று சொல்லப்படுவதன் அடியில் சில சமயம் மூன்று சென்ட் நிலம் கிடக்கும்.

கூலியும் கையாலையும்

அப்படியென்றால் காணிக்கைக்கு முன்னால் எதெல்லாம் போக வேண்டும்? முதலில் கூலி. வேலை செய்த நாளிலேயே, பொழுதுபோகும் முன் கூலியைக் கொடு என்கிறது உபாகமம் 24. வெட்டுக்காரர் கணக்கை மாதக் கடைசிக்குத் தள்ளி, ரப்பர் ஷீட் விலை ஏறட்டும் என்று ஷீட் கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோகாமல் புகைக்கூட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தசமபாகக் கவரை மட்டும் தவறாமல் போடுகிறவர் உண்டு. அவர் போட்டதில் ஒரு பகுதி அவர் பணமே இல்லை. விளைவின் முதற்பலன் என்றால் என் விளைவில் முதல்; வெட்டினவரின் கூலி என் விளைவு ஆகாது, என் பெட்டியில் தங்கியிருக்கிற அவருடைய பணம். 24,000 ரூபாய்க்கு ஷீட் விற்று அதில் 9,000 கூலி பாக்கி என்றால், முதலில் 9,000 வெளியே போக வேண்டும். மிச்சம் 15,000. பத்தில் ஒன்று கொடுக்கிறவர் அதில் 1,500-ஐ அன்றைக்கே, சிட்டிப் (சீட்டுப்) பணமும் நகைக்கடன் வட்டியும் தொடும் முன் எடுத்து வைத்துவிடலாம். மாதச் சம்பளக்காரர்களுக்குக் கூலிப் பிரச்சினை இல்லை. சம்பளம் ஏறிய அன்றே பிரித்துவிட வேண்டும், 28-ம் தேதி மிச்சம் பார்த்து அல்ல. பிடித்தம் போகவா, பிடிக்காமலா என்ற விவாதத்தில் இறங்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே கை சனிக்கிழமை டம்ளரைத் தேடிப் போய்விட்டது.

அடுத்து தராசு. உறைந்த ஒட்டுப்பாலில் மண்ணும் பட்டையும் சேர்த்து எடை ஏற்றுவதும், ஷீட் நன்றாகக் காயும் முன்பே கட்டுவதும், வாங்குகிற கடைக்காரர் ஈரத்துக்கென்று இஷ்டத்துக்குக் கழிப்பதும் இரண்டு பக்கமும் ஜெபக்காரர்கள் இருக்கும் வியாபாரத்தில் நடக்கிறது. பெற்றோரும் இந்த வரிசையில்தான் வருவார்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கிவிட்டேன் என்பவனை இயேசு மாற்கு 7-ல் விட்டுவைக்கவில்லை. வளைகுடாவிலிருந்து கோபுரத்துக்கு லட்சம் அனுப்பிவிட்டு அம்மாவின் மருந்துச் சீட்டை அக்காமேல் தள்ளுகிறவர் அதை ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம்.

கடைசியாக எல்லை. இங்கே சகோதரர்களுக்குள் குறை என்றால் பத்தில் எட்டு தடவை கையாலை என்கிற எல்லைச் சுவர் அல்லது வழி. மழையில் கையாலை இடிந்து, திருப்பிக் கட்டும்போது ஒரு முழம் நகர்ந்திருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பின்பக்க விளைக்கு வழி எழுதாமல் விட்டிருப்பார்கள். அப்பா இருந்தவரை யாரும் கேட்கவில்லை. மத்தேயு 5-ல் காணிக்கையை விட்டுப் போகச் சொன்ன வசனத்துக்கு அடுத்த வசனமே எதிராளியோடு வழியில் இருக்கும்போதே நல்மனம் பொருந்தச் சொல்வது. நியாயாதிபதியும் சேவகனும் சிறைச்சாலையும் அதில் வருகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவு. முதலில் தனியாக, வக்கீலும் ஜெபக்குழுத் தலைவரும் இல்லாமல் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்; நம் வீட்டுக்கு அழைப்பது ஒப்புரவு ஆகாது. போகும்போது பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உனக்கு என்மேல் என்ன குறை என்று கேட்டுவிட்டு, பாதியில் மறுக்காமல் முழுதும் கேட்க வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பாகம். அளவில் சந்தேகம் என்றால் எல்லையை அளக்கக் கேட்கும் எஃப் லைன் மனு கொடுத்துப் பணம் கட்டினால் தாலுகா சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்து எல்லையை அளந்து காட்டுவார். இரண்டு பேரும் கூட நிற்க வேண்டும், பணத்தை நாம் கட்டுவது நல்லது. வழி என்றால் எத்தனை அடி அகலம், வண்டி போகலாமா, நடைவழி மட்டுமா என்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும். "வாயால பேசிக்கிட்டோம்" என்பது அடுத்த தலைமுறைக்கு வழக்கை எழுதி வைப்பது. ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் சமரசமாகத் தீர்க்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) அனுப்பக் கேட்கலாம். அங்கே தீர்ந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதன்மேல் அப்பீலும் இல்லை. ஒரு முழத்துக்காகப் பத்து வருடம் குழித்துறைக்கு நடந்தவர்களுக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் பெரிய நிம்மதி.

அவர் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றால்? கூடுமானால், உங்களாலானமட்டும் என்று ரோமர் 12-ல் பவுல் ஒரு வரம்பு வைத்திருக்கிறார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு என்னாலானமட்டும் முடிந்தது என்று சொல்ல முடியாது. வருடக்கணக்காக வாசலில் நிற்கவும் வேண்டாம். வழியை விட்டுக் கொடுக்க முடிந்தால் கேட்காமலேயே விட்டுக் கொடுங்கள். அவர் வீட்டில் சாவு விழுந்தால் துஷ்டிக்குப் போங்கள், கல்யாணத்துக்கு அழைக்காவிட்டாலும் மொய்யை அனுப்புங்கள். அதற்குப் பிறகு காணிக்கைக் கவரை எடுத்துக்கொண்டு சபைக்குப் போகலாம். எட்டு மணி ஆராதனைக்கே போகலாம்.